அடித்த பிள்ளையா, அடிபட்ட பிள்ளையா?
‘தி குளோரி’ கொரியத் தொடரின் நிறைகளும் குறைகளும்

ஒரு மகள் தன் தாயிடம் ஒரு கேள்வி கேட்டாள். தான் யாரையாவது உயிர் போகும் அளவுக்கு அடித்துவிட்டு வந்தால் தாயின் மனம் அதிகம் நோகுமா, அல்லது தானே அப்படி அடிபட்டு வந்தால் அதிகம் நோகுமா என்பதே அந்தக் கேள்வி. தாய் திகைத்துப் போனார். அந்தத் தாயின் பெயர் கிம் உன்-சூக். கொரியாவின் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடர் எழுத்தாளர். மகளின் அந்தக் கேள்வியிலிருந்துதான் ‘தி குளோரி’ என்ற தொடர் பிறந்தது என்று அவரே கூறியிருக்கிறார்.

உம்மாமாரே, வாப்பாமாரே! இதே கேள்வியை உங்கள் பிள்ளை உங்களிடம் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? நம்மில் பெரும்பாலோர் அடிபட்டு வரும் பிள்ளையை எண்ணித்தான் பதறுவோம். அடித்துவிட்டு வரும் பிள்ளையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படமாட்டோம். “என் மகன் கெட்டிக்காரன், யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டான்” என்று உள்ளூர மகிழ்வோரும் உண்டு. இந்த மனநிலையை உரசிப் பார்க்கும் ஒரு கதையாக இருப்பதனால்தான் இத்தொடரைப் பற்றி இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

கொரியக் கதைகள் நம் வீட்டுக்குள் வந்த விதம்

மலையகத்துக்குக் கொரியத் தொடர்கள் புதியவை அல்ல. 2012 ஆம் ஆண்டு ரூபவாஹினியில் ‘சுஜாதா தியணி’ சிங்களத்தில் ஒளிபரப்பானபோது நாடே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்தது. வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து பார்த்த தொடர் அது. இன்று நிலைமை வேறு. 2020 இல் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. பாடத்துக்காகக் கைக்கு வந்த தொலைபேசி, பாடம் முடிந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை. பிள்ளை போர்வைக்குள் தனியாக எதைப் பார்க்கிறது என்பது அடுத்த அறையில் இருக்கும் பெற்றோருக்குத் தெரிவதில்லை.

‘தி குளோரி’ நெட்ஃபிளிக்ஸில் வெளியான தொடர். முதல் எட்டு அத்தியாயங்கள் 2022 டிசம்பர் 30 ஆம் திகதியும், அடுத்த எட்டும் 2023 மார்ச் 10 ஆம் திகதியும் வந்தன. ஆன் கில்-ஹோ இயக்க, சோங் ஹே-கியோ கதாநாயகியாக நடித்தார். 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்ற எச்சரிக்கையுடன்தான் இது வெளியிடப்பட்டது. ஆனால் அந்த எச்சரிக்கை எத்தனை பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தும்? பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம், “மௌலவி சேர், அந்த டீச்சர் பழிவாங்கினது சரிதானே? அவங்க செஞ்ச அநியாயத்துக்கு வேற என்ன செய்ய?” என்று கேட்டாள். பார்க்காதே என்று மட்டும் சொல்லி அந்தப் பிள்ளையை அனுப்பிவிடலாம். ஆனால் கேள்வி அவளுடன்தான் போகும்.

கதைச் சுருக்கம்

2004 ஆம் ஆண்டு. டொங்-உன் ஏழை வீட்டுப் பிள்ளை. ஒற்றை அறையில் வாழ்கிறாள். தகப்பன் இல்லை, தாய் இருந்தும் இல்லாதது போல. அவள் படிக்கும் பாடசாலையில் யோன்-ஜின் என்ற செல்வந்த வீட்டுப் பெண்ணும் அவளது கூட்டாளிகள் நால்வரும் டொங்-உன்னை வதைக்கிறார்கள். விளையாட்டு மண்டபத்துக்குள் இழுத்துச் சென்று, தலைமுடியைச் சுருட்டும் சூடான இரும்பினால் அவள் உடலெங்கும் சுடுகிறார்கள்.

அவள் பொலிஸுக்குப் போகிறாள், பயனில்லை. பாடசாலையை விட்டு விலகும் படிவத்தில் காரணத்தை உள்ளபடி எழுதுகிறாள். வகுப்பாசிரியர் அவளையே அடிக்கிறார். கடைசியில் பெற்ற தாய், யோன்-ஜின் வீட்டாரிடம் பணம் வாங்கிக்கொண்டு கையொப்பம் இட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

டொங்-உன் தொழிற்சாலையில் வேலை செய்தபடியே படித்து, ஆரம்பப் பாடசாலை ஆசிரியை ஆகிறாள். பல ஆண்டுகள் திட்டமிட்டு, யோன்-ஜின்னின் மகள் யே-சொல் படிக்கும் வகுப்புக்கே பொறுப்பாசிரியையாகச் சேர்கிறாள். யோன்-ஜின் இப்போது தொலைக்காட்சியில் வானிலை அறிவிப்பவள். கட்டுமான நிறுவனத் தலைவர் ஒருவரின் மனைவி. டொங்-உன்னுக்கு யோ-ஜொங் என்ற மருத்துவரின் அன்பு கிடைக்கிறது. அவனும் தகப்பனைக் கொலைகாரன் ஒருவனிடம் பறிகொடுத்தவன். டொங்-உன்னின் உடலிலுள்ள தழும்புகளைக் கண்டதும், அவளுக்காகத் தானே வாளேந்துவதாக அவன் வாக்களிக்கிறான். அதன் பின் ஐந்து பேரும் ஒவ்வொருவராக வீழ்கிறார்கள்.

நிறைகள்

முதலாவது நிறை, கொடுமையின் வலியை இத்தொடர் வேடிக்கையாக்கவில்லை. நமது சினிமாக்களில் பள்ளிக்கூடக் கேலியும் கிண்டலும் நகைச்சுவையாகவே வருகின்றன. இங்கே 18 ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்தப் பெண்ணின் தழும்புகள் அரிக்கின்றன. இறைச்சி தீயில் வாட்டப்படும் ஓசையைக் கேட்டால் அவள் உடல் நடுங்குகிறது. அடித்தவர்கள் மறந்துவிட்டார்கள், அடிபட்டவளால் ஒரு நாளும் மறக்க முடியவில்லை. இது எழுத்தாளரின் வெறும் கற்பனையும் அல்ல. 2006 இல் கொரியாவின் சொங்ஜு நகரில் ஒரு பாடசாலை மாணவி இதே விதமாகச் சக மாணவிகளால் சுடப்பட்ட சம்பவம் அந்நாட்டையே உலுக்கியிருந்தது.

இரண்டாவது நிறை, குற்றவாளிகள் ஐந்து பேர் மட்டுமல்ல என்று இத்தொடர் காட்டுகிறது. விசாரிக்காத பொலிஸ், பணக்காரர் பக்கம் சாய்ந்த ஆசிரியர், பிள்ளையை விற்ற தாய், மகளின் குற்றத்தைப் பணத்தால் மூடிய இன்னொரு தாய் ஆகிய பெரியவர்களில் எவரேனும் ஒருவர் தன் கடமையைச் செய்திருந்தால் இந்தக் கதைக்கே இடமிருந்திருக்காது. உதவ முன்வந்த பாடசாலைத் தாதி ஒருவர்தான். அவருக்கும் அங்கே இடமில்லாமல் போகிறது.

மூன்றாவது நிறை, ஏழைகள் ஒருவருக்கொருவர் கை கொடுப்பதை இத்தொடர் அழகாகச் சொல்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள ஆற்றங்கரைக்குப் போன சிறுமி டொங்-உன், அதே நோக்கத்துடன் ஆற்றில் இறங்கிய வயோதிபப் பெண் ஒருவரைக் காப்பாற்றுகிறாள். அவரும் இவளைக் காப்பாற்றுகிறார். பிற்காலத்தில் அந்த மூதாட்டியின் வீட்டிலேயே அவள் குடியிருக்கிறாள். கணவனின் அடி உதையில் நொந்துபோன ஹியோன்-நாம் என்ற பணிப்பெண்ணின் பாத்திரமும் மனதில் நிற்கிறது.

நான்காவது நிறை, இக்கதை வெளியே ஏற்படுத்திய விளைவு. 2023 பெப்ரவரியில் கொரியாவின் தேசியப் புலனாய்வு அலுவலகத்தின் தலைவராக நியமிக்கப்பட்ட ஒருவர், தன் மகன் பாடசாலையில் இன்னொரு மாணவனைக் கொடுமைப்படுத்தியது வெளிச்சத்துக்கு வந்ததால், பதவி ஏற்பதற்கு முன்பே விலக நேர்ந்தது. ஏப்ரல் மாதம் அந்நாட்டு அரசாங்கம், பாடசாலைக் கொடுமையில் ஈடுபட்டவரின் பதிவை நீண்ட காலம் வைத்திருக்கவும், பல்கலைக்கழக அனுமதியில் அதைக் கணக்கில் எடுக்கவும் திட்டம் வகுத்தது.

இவை எல்லாவற்றையும் விட வியப்பான ஒன்றும் நடந்தது. இத்தொடரின் இயக்குநரே, 1996 இல் பிலிப்பைன்ஸில் படித்த காலத்தில் தன்னிலும் இளைய மாணவர்களைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2023 மார்ச்சில் அவர் தமது சட்டத்தரணி மூலம் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார். அடிபட்டவரைப் பழைய அடி விடுவதில்லை என்பதைத் திரையில் காட்டியவருக்கு, அடித்தவரையும் அது விடுவதில்லை என்பது வாழ்க்கையில் புரிந்தது!

குறைகள்

இவ்வளவு நிறைகள் உள்ள தொடரின் அடிப்படைக் குறை, பழிவாங்குவதையே நீதி என்று அது நம்ப வைப்பதுதான்.

கவனித்துப் பாருங்கள். டொங்-உன் தன் பழியைத் தொடங்கும் இடம் ஒரு சிறுமியின் வகுப்பறை. தாய் செய்த பாவத்துக்கு மகள் யே-சொல் என்ன செய்தாள்? அவளை ஆசிரியை தன் கையால் அடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் தன் தகப்பன் யார் என்ற இரகசியம் உடைந்து, குடும்பம் சிதறி, கடைசியில் நாட்டை விட்டே போக வேண்டிய நிலை அந்தக் குழந்தைக்கு வருகிறது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்பது அல்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் நீதி. பழி அந்த எல்லையில் நிற்பதில்லை.

அடுத்து, உண்மை வளைக்கப்படுகிறது. ஐவரில் ஒருவனைக் கொன்ற குற்றத்துக்காக யோன்-ஜின் சிறைக்குப் போகிறாள். அவள் அவனைத் தாக்கியது உண்மை. ஆனால் உயிரைப் பறித்த அடியை அடித்தது இன்னொரு பெண். அவளும் அதே கூட்டத்தால் பாதிக்கப்பட்டவள் என்பதால் டொங்-உன் அதை மறைத்துவிடுகிறாள். பார்ப்பவர்கள் மகிழ்ந்து கைதட்டுகிறார்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை கூட நீதி தவற உங்களைத் தூண்டிவிடக் கூடாது என்று ஸூரத்துல் மாயிதாவில் அல்லாஹு தஆலா எச்சரிப்பது இத்தகைய இடத்துக்காகத்தான். பகைவன் செய்யாத குற்றத்தை அவன் தலையில் கட்டுவதும் அநியாயமே.

மூன்றாவது, காதல். பழிவாங்கும் கதையில் காதலைச் சேர்த்தது இரசிகர்களைக் கவர்ந்திருக்கலாம். ஆனால் அந்த அன்பு என்ன செய்கிறது? நோயாளியின் காயத்தை ஆற்றத் தெரிந்த மருத்துவன், தான் நேசிக்கும் பெண்ணின் காயத்தை ஆற்றுவதற்குப் பதிலாக அவளது வாளாக மாறுகிறான். இறுதியில் அவள் உயிரை மாய்த்துக்கொள்ள முனையும்போது, அவனது தாய் வந்து தன் மகனைக் காப்பாற்றும்படி கெஞ்சித்தான் அவளைத் தடுக்கிறாள். அதன் பின் இருவரும் சேர்ந்து அவனுடைய பகைவனைத் தேடிச் சிறைச்சாலைக்குப் போகிறார்கள். ஒரு பழி முடிந்த இடத்தில் அடுத்த பழி தொடங்குகிறது. இதைக் காதலின் வெற்றியாகக் காட்டுகிறார்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடையாக இருப்பதாக அல்குர்ஆன் சொல்கிறது. ஆடை மறைக்கும், காக்கும், குளிரைப் போக்கும். ஆடை ஆயுதமாக இருக்க முடியாது.

இங்கே ‘சுஜாதா தியணி’யை நினைத்துப் பார்க்கலாம். அந்தக் கதையிலும் தாய்க்கும் ஆசிரியைக்கும் அநியாயம் இழைக்கப்பட்ட ஒரு பெண் இருந்தாள். அவள் நெஞ்சிலும் தீ இருந்தது. ஆனால் அவள் மருத்துவம் கற்றாள். கற்றதைக் கொண்டு பிறர் உயிரைக் காத்தாள். அவளை நேசித்த அதிகாரி, உண்மையை விசாரணைக்குக் கொண்டுவர உதவினார். நீதி மன்னரின் முன்னிலையில் கிடைத்தது. இரண்டும் கொரியக் கதைகளே. இரண்டிலும் அநியாயம் உண்டு, அன்பு உண்டு. ஆனால் அவை மனிதரைக் கொண்டு சேர்க்கும் இடங்கள் வேறு.

இவை தவிர, விபசாரம், மது, போதைப்பொருள், ஆபாசம், பேயோட்டும் சடங்கு ஆகியவையும் இத்தொடரில் தாராளமாக வருகின்றன. கதைக்குத் தேவை என்று யாரும் வாதிடலாம். பிள்ளைகளின் கண்களுக்கு அவை தேவையில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அநியாயத்துக்குள்ளானவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்று இஸ்லாம் ஒருபோதும் சொல்லவில்லை. ஸூரத்துஷ் ஷூரா இதை மூன்று படிகளாக விளக்குகிறது. தீமைக்கு அதே அளவு பதில் உண்டு. அநியாயம் செய்யப்பட்டவர் தம் உரிமையைக் கேட்பதில் குற்றமில்லை. அளவை மீறுவோரை அல்லாஹ் நேசிப்பதில்லை. மன்னித்துச் சீர்செய்பவரின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. தண்டனையை நிறைவேற்றும் பொறுப்போ நீதிமன்றத்துக்கு உரியது. தனிமனிதர் கையில் வாள் கொடுக்கப்படவில்லை.

மன்னிப்பு என்றால் காயமே இல்லை என்று நடிப்பதும் அல்ல. உஹத் போரில் ஹம்ஸா (ரழி) அவர்களைக் கொன்ற வஹ்ஷி, பின்னர் இஸ்லாத்தை ஏற்று நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். அன்னார் அவரைத் தண்டிக்கவில்லை. ஆனால் தம் கண்ணில் படாமல் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். சிறிய தந்தையை இழந்த வலி அந்தத் திருவுள்ளத்தில் இருந்தது. வலி இருந்தது, பழி இல்லை. அடிபட்ட பிள்ளையிடம் “மறந்துவிடு, போய்க் கட்டிப்பிடி” என்று வற்புறுத்தும் பெரியவர்கள் இந்த நிகழ்ச்சியை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

அனஸ் (ரழி) அறிவிக்கும் மற்றொரு ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. உன் சகோதரன் அநியாயம் செய்பவனாக இருந்தாலும், அநியாயம் செய்யப்பட்டவனாக இருந்தாலும் அவனுக்கு உதவ வேண்டும் என்று நபியவர்கள் கூறியபோது, ஸஹாபாக்கள் வியந்தார்கள். அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது? அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் கிடைத்தது.

இந்த ஓர் உதவிதான் அந்தக் கொரியக் கதை முழுவதிலும் நடக்கவேயில்லை. யோன்-ஜின்னின் தாய் மகளை நேசித்தாள். ஆனால் அவள் கையைப் பிடிக்கவில்லை. யோ-ஜொங் டொங்-உன்னை நேசித்தான். அவனும் கையைப் பிடிக்கவில்லை. கையைப் பிடித்துத் தடுக்காத பாசம் இரண்டு பெண்களையும் அழிவின் பக்கமே இழுத்துச் சென்றது.

நம் பாடசாலையிலும் நம் வீட்டிலும்

இது கொரியாவின் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பகிடிவதை குற்றமாக்கப்பட்டது. சட்டம் வந்தது, பழக்கம் முழுவதும் போய்விடவில்லை.

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நம் பிள்ளைகள் தோட்டத்துப் பிள்ளைகளுடன் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். இந்த மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கிய மக்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அவர்களின் மூதாதையர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023 இல் நினைவுகூர்ந்தோம். 1948 இல் அவர்களது குடியுரிமை பறிக்கப்பட்டதையும் நாம் அறிவோம். அப்படியிருந்தும், “தோட்டக்காட்டான்” என்ற சொல் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வரும்போது, அது எந்த வீட்டில் கற்றுக்கொடுக்கப்பட்டது? கடையில் சாமான் வாங்க வரும் தோட்டத்துப் பெரியவரை ‘நீ’ என்று விளிப்பதை எந்தப் பிள்ளை பார்த்து வளர்கிறது? ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், பட்டப்பெயர் சூட்ட வேண்டாம் என்று ஸூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. அந்த வசனம் நம் கடைவாசலிலும் வகுப்பறையிலும் பொருந்தாதா?

2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பின், செய்யாத குற்றத்துக்காகப் பிறரின் சந்தேகப் பார்வை நம்மைச் சுட்டது. பர்தா அணிந்த நம் பிள்ளைகள் பஸ்ஸிலும் பாதையிலும் பட்ட வேதனையை நாம் மறக்கவில்லை. அந்த வேதனையை அறிந்த சமுதாயம், இன்னொரு பிள்ளைக்கு அதைச் செய்யலாமா?

2021 ஜூலையில், டயகம பகுதியிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்ற 16 வயதுச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் உயிரிழந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அதன் உண்மையை ஆராய்வது சட்டத்தின் வேலை. ஆனால் பாடசாலையில் இருக்க வேண்டிய வயதில் ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை இன்னொருவர் வீட்டுச் சமையலறையில் ஏன் இருந்தாள் என்ற கேள்வி, வேலைக்குப் பிள்ளை தேடும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. நம் வீடுகளும் அதில் அடங்கும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம் “இன்று யாராவது உன்னை அடித்தார்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “இன்று நீ யாரையாவது அழ வைத்தாயா?” என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளை மீது முறைப்பாடு வந்தால், அதிபரிடம் வாதாடப் புறப்படுமுன் பிள்ளையை உட்கார வைத்து உண்மையைக் கேளுங்கள். தவறு இருந்தால், பாதிக்கப்பட்ட பிள்ளையின் வீட்டுக்கு, அது லயத்துக் காம்பராவாக இருந்தாலும், உங்கள் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேளுங்கள். அதனால் உங்கள் கௌரவம் குறையாது.

உங்கள் பிள்ளை அடிபட்டு வந்தால், “நீயும் திருப்பி அடி” என்றோ, “பொறுத்துப் போ” என்றோ ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். முதலில் நம்புங்கள். பிறகு வகுப்பாசிரியரிடமும் அதிபரிடமும் எழுத்து மூலம் முறையிடுங்கள். அங்கே பயனில்லை என்றால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆசிரியர்களாகிய நாமும் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் லயத்துப் பிள்ளைக்கும் இடையில் பிணக்கு வரும்போது நம் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். அநியாயம் செய்யப்பட்டவரின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரை இல்லை.

வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் ‘தி குளோரி’யை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தால், ஏசுவதோடு நின்றுவிடாதீர்கள். அந்த ஆசிரியை செய்ததில் எது நீதி, எது பழி என்று அவர்களுடன் பேசுங்கள். அவர்கள் பார்க்காமல் இருந்தால், பார்க்க வைக்க வேண்டிய தேவையும் இல்லை. அதிலுள்ள நல்ல பாடத்தை, அந்த ஆபாசமும் குரூரமும் இல்லாமல், ஒரு ஹதீஸைச் சொல்லியே நீங்கள் கற்றுக்கொடுத்துவிடலாம்.

மகள் கேட்ட கேள்விக்கு நாம் சொல்ல வேண்டிய பதிலும் அந்த ஹதீஸிலேயே இருக்கிறது. அடிபட்ட பிள்ளையும் நம் பிள்ளை, அடித்த பிள்ளையும் நம் பிள்ளை. ஒருவரின் காயத்துக்கு மருந்திட வேண்டும். மற்றவரின் கையைப் பிடிக்க வேண்டும். இரண்டும் பெற்றோரின் கடமை.

அநியாயம் செய்வதிலிருந்தும், அநியாயத்துக்கு ஆளாவதிலிருந்தும் நம்மையும் நம் மக்களையும் வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன்.